அடுக்கு கேக்கும் தாழ்ந்த காரும்

புதிதாக மாட்டிய ஸ்பிரிங் செட்டின் குமிழை 'மென்மை' பக்கம் திருப்பினால் கார் மென்மையாக ஓட வேண்டும். செட் வந்த பெட்டியின் மேல் அப்படித்தான் படம் போட்டிருந்தது. தம்பி நான்கு சக்கரங்களுக்கும் அந்தக் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு ஓட்டினான். தெருமுனை வேகத்தடையில் கார் முன்பைவிடப் பலமாக இடித்தது. பின்னால் இருந்த சோதனைக் கேக்கின் மேலடுக்கு மெல்ல நழுவி, அட்டைப்பெட்டியின் சுவரில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

குமிழைக் கடினப் பக்கம் திருப்பிப் பார்த்தான். சின்னக் கல்லுக்கெல்லாம் பல் கிட்டியது. நடுவில் வைத்தான். வேகத்தடையில் இடி மட்டும் அப்படியே இருந்தது.

அக்கா வாசலில் மாவுக் கையோடு நின்றிருந்தாள். கல்யாணங்களுக்கு அடுக்கு கேக் செய்து கொடுப்பது அவள் தொழில். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் தம்பி, விடுமுறை நாட்களில் அந்தக் கேக்குகளைத் தன் காரில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். அந்தக் காரைத்தான் போன வாரம் தாழ்த்தியிருந்தான்.

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்: "நல்லா தூங்குது. எழுப்பாத."

"அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவை..."

"சாயங்காலம் மூணு அடுக்கு கேக் மண்டபத்துக்குப் போகணும்டா. வேன்காரருக்குச் சொல்லிட்டேன். மதியத்துக்குள்ள உன் வண்டி சரியாச்சுன்னா வேணாம்னு சொல்றேன். இல்லன்னா இனிமே எல்லா கேக்கும் வேன்லதான். நாளைக்கே பழைய ஸ்பிரிங்கையும் மாட்டிடு. அம்மாவும் இந்த வண்டியில ஏற மாட்டேங்கிறாங்க."

உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமா, அதாவது அக்காவின் கணவர், குரல் கொடுத்தார். "ஏறினா பரவாயில்லையே. இறங்கறதுக்குத்தான் ரெண்டு பேர் கை குடுக்கணும்."

தம்பிக்குச் சுருக்கென்றது. பழைய ஸ்பிரிங் மாட்டினால் கார் கொக்கு மாதிரி நிற்கும். இப்போது டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தத் திரும்பல்களுக்காகத்தான் மாதக்கணக்கில் இணையத்தில் படித்துப் படித்து இதை வாங்கினான்.

அவன் வாங்கியதன் பெயர் காயிலோவர். பெயர்தான் பெரிது, பொருள் எளிது. நடுவில் எண்ணெய் நிரம்பிய ஒரு குழாய், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு தண்டு. இது ஷாக் அப்சார்பர். இதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. ஸ்பிரிங் ஊஞ்சலாடாமல் அடக்குவது எண்ணெயின் வேலை. குழாயின் வெளிப்புறம் திருகுபோல மரை வெட்டி, அதில் ஒரு வளையத்தை ஓட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் அந்த வளையத்தின் மேல் உட்காரும். வளையத்தைக் கீழே இறக்கினால் கார் தாழும், ஏற்றினால் உயரும். குமிழ் செய்வது வேறு வேலை. உள்ளே எண்ணெய் போகும் துளையை அது பெரிதாக்கும், அல்லது சிறிதாக்கும்.

இதில் விலை கூடிய வகை ஒன்று உண்டு. அதில் குழாயின் அடிக்காலே தனியாகத் திருகி நீளும், குறுகும். தம்பி வாங்கியது வளையம் மட்டும் உள்ள மலிவு வகை. அதை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டு, கார் இடிப்பதைச் சொன்னான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல தம்பி," என்றார் அவர். "பெரிய செட்டு எடுத்துக்குங்க. இதைத் திருப்பிக் குடுத்துட்டு மேல கொஞ்சம் போட்டா போதும். அடுத்த வாரம் வந்துடும்."

"சாயங்காலம் கேக் போகணும்ணே."

"கேக்கா?" என்றார் கடைக்காரர். அவருடைய வாழ்க்கையில் அந்தக் கேள்வி இதுவரை வந்ததில்லை போலும்.

தம்பி போனை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். அக்கா விழுந்த கேக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கீழடுக்குக்குள் குத்தியிருந்த குச்சிகளை ஒவ்வொன்றாக உருவிக் கேக்கின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள்.

"எதுக்குக்கா அது?"

"மேலடுக்கைத் தாங்கறது இந்தக் குச்சிங்க. கேக்கோட மட்டத்துக்குச் சரியா வெட்டணும். ஒண்ணு நீட்டிக்கிட்டிருந்தா மேல இருக்கறது அது ஒண்ணு மேலயே உக்காந்துக்கும். அப்புறம் ஆடாம என்ன செய்யும்? என் குச்சி சரியாத்தான் இருக்கு." நிமிர்ந்து பார்த்தாள். "உன் வண்டி எது மேல உக்காந்திருக்கு?"

"ஸ்பிரிங் மேலதான்."

"பாத்தியா?"

"பாக்காம? நாலு தடவை ஜாக்கி போட்டுத் தூக்கிப் பாத்தேன். தண்டு ஒரு சாண் நீளத்துக்கு வெளிய இருக்கு. இடிக்கறதுக்கு எதுவுமே இல்ல."

"தூக்கி வெச்சா பாத்த?"

"தூக்காம எப்படிப் பாக்கறது? கீழ தலையே நுழையல."

அக்கா சிரித்துவிட்டாள். "அடேய், மேலடுக்கைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கீழ எடை ஏறுதான்னு பாத்தா என்னடா தெரியும்?"

தம்பிக்கு உறைத்தது. ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் தொங்கும். சக்கரம் தொங்கினால் தண்டு முழுதாக வெளியே வந்துவிடும். தொங்கும் காலை அளந்துவிட்டு, நிற்கும் காலைப் பற்றி முடிவு கட்டியிருக்கிறான். ஆனால் நிற்கும்போது உள்ளே பார்க்க வழி? காரோ தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

அக்கா கிரீம் கரண்டியோடு கிளம்பினாள். "தண்டுல கொஞ்சம் தடவறேன். எது வரைக்கும் வழிச்சிருக்குன்னு பாத்தா..."

"ஐயோ, வேணாம்! அங்க எண்ணெய் கசியாம அடைக்கற ஆயில் சீல் இருக்கு. சர்க்கரை போனா அவ்ளோதான்." தம்பியின் கண் கேக் பெட்டிகளைக் கட்டி வைத்திருந்த ரப்பர் பேண்டுகளில் விழுந்தது. "அதுல ஒண்ணு குடு."

பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, தண்டை மூடியிருந்த தூசி உறையை மேலே தள்ளினான். ரப்பர் பேண்டைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றி, குழாயின் வாய்வரை இறக்கி வைத்தான். இனி தண்டு உள்ளே போகும்போதெல்லாம் குழாய் அந்த பேண்டை மேலே தள்ளும். தண்டு மறுபடி வெளியே வரும்போது பேண்ட் தள்ளிய இடத்திலேயே நின்றுவிடும். எவ்வளவு ஆழம் போனது என்பதற்கு அதுவே சாட்சி.

காரை இறக்கினான், ஆனால் ஓட்டவில்லை. மறுபடி தூக்கிப் பார்த்தான். பேண்ட் தண்டின் உச்சிக்கே போயிருந்தது. அங்கே கெட்டியான ஒரு ரப்பர்த் துண்டு உண்டு. தண்டு முழுக்க உள்ளே போனால் இரும்போடு இரும்பு மோதாமல் காப்பதற்காக வைத்தது. பேண்டுக்கும் அந்த ரப்பருக்கும் நடுவே அரை விரல் அகலம்தான் மிச்சம்.

"மாமா, கொஞ்சம் வாங்களேன். கேக்கா நடிக்கணும்."

"எத்தனை அடுக்கு?" என்று கேட்டபடியே மாமா வந்து பின்னிருக்கையில் ஏறினார். செய்தித்தாளையும் கொண்டுவந்தார். அவர் இறங்கியபின் பார்த்தால் பேண்ட் ரப்பரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

புதிர் அவிழ்ந்தது. வளையத்தை அவ்வளவு கீழே இறக்கியதில், ஸ்பிரிங் அமுங்குவதற்கான இடம் நின்றபடியே தீர்ந்துபோயிருந்தது. குமிழை மென்மையாக்கியபோது எண்ணெயின் தடையும் குறைந்தது. அதனால் சக்கரம் இன்னும் வேகமாகப் போய் ரப்பரில் மோதியது. அதுதான் அந்தப் பலத்த இடி.

"அப்போ பெரிய செட்டு வாங்கணுமா?" என்றாள் அக்கா.

"அதுல அடிக்காலைக் குறைச்சுத் தாழ்த்தலாம். உள்ள இருக்கற இடம் குறையாது. ஆனா டயர் மேல போய் வளைவுல இடிக்கும். இந்தத் தெருவுக்கு இவ்ளோ தாழ்வே ஆகாதுக்கா." இதைச் சொல்லிக்கொண்டே தம்பி டயருக்கு மேலிருந்த, விரல் நுழையாத அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

மாமா ஆறுதல் சொன்னார். "விடுடா. கொஞ்சம் உயரமா இருந்தாலும் திரும்பிப் பாப்பாங்க. கேக் எங்க போகுதுன்னு."

தம்பி வளையத்தைத் திருகும் சாவியை எடுத்தான். நான்கு சக்கரங்களிலும் வளையத்தை இரண்டு விரல் உயரம் ஏற்றினான். குமிழை நடுவில் வைத்தான். ஸ்பிரிங்குகள் தம் இடத்தில் உட்காரும்வரை காரை முன்னும் பின்னும் உருட்டினான். பேண்டைப் பழையபடி கீழே இறக்கிவிட்டு, மாமாவையும் செய்தித்தாளையும் ஏற்றிக்கொண்டு அதே வேகத்தடைக்குப் போனான்.

கார் ஒருமுறை மூச்சு வாங்கி விட்டதுபோல அமுங்கி எழுந்தது. இடியே இல்லை.

"தாண்டிட்டியா?" என்றார் மாமா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா வேன்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றாள். சாயங்காலம் மண்டபத்து மேசையில் மூன்று அடுக்கும் நேராக நின்றன. உச்சியில் வைத்த சர்க்கரைப் பூகூட வைத்த பக்கமே பார்த்தது.

திரும்பி வந்ததும் தம்பி ஜாக்கி போட்டுப் பார்த்தான். ரப்பர் பேண்ட் அந்தக் கெட்டி ரப்பருக்கு ஒரு கட்டைவிரல் கீழேயே நின்றிருந்தது. உயரம் மாறியதால் நாளைக்குச் சக்கரங்களின் கோணத்தை மட்டும் கடையில் சரிபார்க்க வேண்டும். மலிவு செட்டே போதும். கார் தரையில் நிற்கும்போது தண்டுக்கு அமுங்க இடம் இருக்கும்படி வளையத்தை இரண்டு விரல் ஏற்றி, குமிழை நடுவில் வைத்தால் கேக் சாயாது.