ஜெபராணி அக்கா விழாத கதை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன ஜனவரியில் ஒரு நாள், காலை ஐந்து ஐம்பது. அமெரிக்காவில், எடிசன் ஊரில், மெட்ரோபார்க் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்குக்காகக் காரில் காத்திருந்தேன். சீட்டுக்குச் சூடு, ஸ்டியரிங்குக்குச் சூடு, கண்ணாடிக்குச் சூடு. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு குளிரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டுக்குள் குரங்குக் குல்லாய், குல்லாய்க்குள் இரண்டு கண்கள். ஒரு கையுறை என் ஜன்னலைத் தட்டியது. கண்ணாடியை இறக்கினேன்.

"என்ன தம்பி, இவ்ளோ காலையிலயே உம்முன்னு இருக்கீங்க?"

பச்சை விளக்கு வந்தது. சைக்கிள் போய்விட்டது. பின்னால் இருந்தவர் ஹாரன் அடிக்கும்வரை நான் நகரவில்லை.

அன்று ரயிலிலேயே எழுத ஆரம்பித்தேன்.

"பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில்—" (இல்லை, கொட்டவில்லை. வெறும் குளிர்தான். பதினாறு டிகிரி ஃபாரன்ஹீட், ஊர்க்கணக்கில் மைனஸ் ஒன்பது.)

"அவள் ஒரு விசித்திரமான பெண். அவளுடைய சைக்கிளில்—" (அக்காவை 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை. விசித்திரம் என்பதும் காருக்குள் உட்கார்ந்திருப்பவன் சொல்கிற வார்த்தை.)

2

ஜெபராணி அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. சொந்த ஊர் நாசரேத். இங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை, ஆறரைக்கு ஷிஃப்ட். வீட்டில் இரண்டு கார்கள் சும்மா நிற்கின்றன. ஒன்பது குளிர்காலங்களாக அவர் வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறார்.

நம் ஆட்களால் இதைத் தாங்க முடியவில்லை. பனியில் ஒருவர் சைக்கிள் ஓட்டுகிறார் என்றால் அவருக்கு ஏதோ கஷ்டம் என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். லைசென்ஸ் போய்விட்டதாம் என்று பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையிலேயே பேசிக்கொண்டார்கள். நாகமணி அங்கிள் ஒரு நாள் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, கார் பிரேக்டவுனா? ஏறு, டிராப் பண்றேன்."

"இல்ல அங்கிள், நான் வேலைக்குல்லா போறேன்."

"அதான்மா, ஏறு!"

(அங்கிளைப் பார்த்து நான் சிரிக்கக்கூடாது. கதாபாத்திரத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று நானும்தான் தேடினேன். முதல் படியில் அக்காவுக்கு வலிப்பு நோய் கொடுத்தேன். இரண்டாம் படியில் பழைய விபத்து ஒன்று. மூன்றாவதில் மாதாவுக்கு ஒரு வேண்டுதல். அக்கா சிஎஸ்ஐ, மாதாவுக்கு நேர்ந்துகொள்ளாத சபை, என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.)

கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"புடிச்சிருக்கு தம்பி. அதுக்கு மேல ஒரு ரீசன் வேணுமாக்கும்?"

வாசகர் நம்ப மாட்டார் என்றேன். "அப்ப வாசகர வரச் சொல்லுங்க," என்றார்.

அக்காவின் கணவர் காலேப் அண்ணன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில், மனிதர்கள் எந்த வயதில் எதனால் சாவார்கள் என்று கணக்கிடுவது அவர் உத்தியோகம். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு மனைவி. அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"ஒரு தடவ விழுந்தா போதும். அன்னையோட சைக்கிள நிறுத்திரணும். சரியா?"

அக்கா சரி என்றார். ஒன்பது வருடங்களாக அண்ணன் தினமும் எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்புகிறார். 'ரீச்டு' என்று அக்காவிடமிருந்து மெசேஜ் வரும்வரை காபி குடிக்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலேப் அண்ணன்தான் என் எல்லாக் கதைகளுக்கும் முதல் வாசகர். ஒற்றுப்பிழை திருத்தித் தருபவரும் அவர்தான். இந்தக் கதையும் அவரிடம்தான் போகப்போகிறது. என் சங்கடம் உங்களுக்குப் புரிய ஆரம்பித்திருக்கும்.

3

"வந்து பாருங்க. பொறவு எழுதுங்க," என்று அக்கா கூப்பிட்டார். என் மகள் அதிதியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். "அப்பா, யூ வில் டை," என்றாள், தூக்கக் கலக்கத்தில், மிக அன்பாக.

இரண்டு சாக்ஸுக்கு நடுவில் பிரெட் கவரை மாட்டிக்கொள்ளச் சொன்னார் அக்கா. மாட்டிக்கொண்டேன். முந்தின இரவு பெய்த மழை, பட்ட இடத்திலேயே உறைந்திருந்தது. தெருக்களில் உப்புத் தூவியிருந்தார்கள். டயருக்கு அடியில் அது நொறுங்கும் சத்தம் அப்பளம் உடைக்கிற மாதிரி கேட்டது. ஹீட்டர் இரைச்சல் இல்லாமல் இந்த ஊரை நான் கேட்டதே இல்லை.

இரண்டு தெரு தாண்டி சைக்கிள் பாதையில் இறங்கினோம். ஒரு காலத்தில் ரயில் ஓடிய இடம். இப்போது தார் போட்டு, இரண்டு பக்கமும் மரம். விளக்குக் கம்பமே கிடையாது. அக்காவின் சைக்கிள் விளக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டது, அந்த வட்டத்தைத் துரத்திக்கொண்டு நாங்கள் போனோம். மூக்கில் முடி உறைவது தெரிந்தது. கால்விரல்கள் முதலில் வலித்தன, பிறகு காணாமல் போயின. குளிர் என்று தனியாக ஒன்று கிடையாது, வெப்பம் இல்லாமல் இருப்பதுதான் குளிர் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். பொய். அது இருக்கிறது. எங்களுக்கு வெகுகாலம் முன்பே வந்து அங்கே உட்கார்ந்திருக்கிறது.

ஐந்து மான்கள் பாதையோரம் நின்றன. காரிலிருந்து பார்த்தால் மான் ஒரு இன்ஷூரன்ஸ் விவகாரம். சைக்கிளிலிருந்து பார்க்கும்போது அது மூச்சு விடுகிறது. ஐந்து மூக்கிலிருந்தும் ஆவி கிளம்பி, எங்கள் ஆவியோடு கலந்தது. பதினேழு வருடங்களாக நான் இங்கே குடியிருக்கிறேன். அன்று காலைதான் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

(இந்தப் பகுதியில் 'பிரமிப்பு' என்ற சொல் நான்கு இடங்களில் இருந்தது. எடுத்துவிட்டேன். ஆனால் பிரமிப்பாகத்தான் இருந்தது.)

4

பாதை ஓரிடத்தில் சின்னப் பாலத்தின் மேல் போகிறது. பாலம் முடியும் இடத்தில் அக்கா வழுக்கி விழுந்தார்.

[இந்த வாக்கியத்தை ஏழு முறை அழித்து ஏழு முறை எழுதியிருக்கிறேன்.]

சைக்கிள் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். நான் இறங்கி, நிற்க முடியாமல், தவழ்ந்துகொண்டே போனேன். "அக்கா! அடி பட்டுச்சா? அக்கா!" மல்லாந்து கிடந்தார், கண் திறந்திருந்தது. அண்ணனிடம் என்ன சொல்வேன் என்பதுதான் முதலில் ஓடியது.

"தம்பி," என்றார் அக்கா மெதுவாக. "மேல பாருங்க."

பார்த்தேன். சாய்ந்து கிடந்த சைக்கிளின் விளக்கு நேராக ஒரு மரத்துக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கிளையிலும், கிளையின் கிளையிலும், ஈர்க்குச்சி கனத்திலிருந்த கொம்பிலும்கூட, கண்ணாடித் தோல் போல ஐஸ் மூடியிருந்தது. அத்தனையும் எரிந்தது. இருட்டுக்கு நடுவில் அந்த ஒரு மரம் மட்டும் முழுக்க வெளிச்சமாக நின்றது. காற்று லேசாக அடித்தபோது மரமே கிணுகிணுத்தது.

"ஒம்பது வருசமா இதத் தாண்டித்தான் போறேன்," என்றார் அக்கா. "ஒரு நாளும் பாத்ததில்ல, பாத்துக்கோங்க."

நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். பாலத்தின் மேல், ஐஸில், நாற்பத்து நான்கு வயதில். எனக்கு அழுகை வந்துவிட்டது. வணங்க வேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

அக்கா எழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, ஜாக்கெட்டில் ஒரு கிழிசல். ஆஸ்பத்திரி வாசலில் கையுறையைக் கழற்றி 'ரீச்டு' என்று அடித்தார். அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கதையில நீங்க என்னத்த வேணும்னாலும் எழுதுங்க. இத மட்டும் எழுதிராதீங்க."

"அக்கா..."

"நான் விழல. வழுக்குனேன். அவ்வளவுதான்."

5

எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் அவர் விழாவிட்டால் அந்த மரம் இல்லை. நேராகப் போகிற சைக்கிளின் விளக்கு தரையைத்தான் காட்டும். மரத்தைக் காட்ட வேண்டுமென்றால் சைக்கிள் சாய வேண்டும்.

கதையில் ஒரு தெருவிளக்கை நட்டுப் பார்த்தேன். அது கல்யாண மண்டபத்துச் சீரியல் பல்பு மாதிரி ஆகிவிட்டது.

"நீங்க விழுந்ததா எழுதிருங்க தம்பி," என்று அக்காவே யோசனை சொன்னார். எழுதினேன். "நான் வழுக்கி விழுந்தேன். என் சைக்கிளின் விளக்கு—" அதிதியின் சைக்கிளில் இருப்பது பொட்டு மாதிரி ஒரு சிவப்பு பல்பு. அது மரத்தை எரியவைக்காது. அக்காவின் விளக்கைத் தேடிப்பிடித்து வாங்கி, மாட்டிவிட்டவரே காலேப் அண்ணன்தான். முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார்.

மறைப்பதில் இன்னொரு பயமும் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பாலத்தில் நான் இருக்கமாட்டேன். அக்கா எழுந்திருக்காமல் போனால், ஆறிப்போன காபியும் கையுமாக... (இல்லை, அவர் காபியே போட்டிருக்கமாட்டார்.) போனைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கப்போகும் அந்த மனிதரின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

எழுதினால் அக்காவின் விடியற்காலைகள் போய்விடும். அந்த ஐந்து மான்களும் போய்விடும். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு மரத்தைப் பார்த்த குற்றத்துக்கு அவர் நாளையிலிருந்து சீட்டைச் சூடாக்கிக்கொண்டு என் பக்கத்துக் காரில் நிற்பார்.

6

தமிழ் இலக்கணம் கோழைகளுக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. அதன் பெயர் வினையெச்சம். 'வழுக்கி' என்று எழுதி நிறுத்திவிட்டால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. வழுக்கி விழுந்தாரா, வழுக்கிச் சமாளித்தாரா? யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது.

அண்ணனுக்கு அனுப்பிய படியில் நான்காம் பகுதி இப்படித்தான் இருந்தது: "பாலம் முடியும் இடத்தில் அக்கா வழுக்கி" அதற்கப்புறம் நேராக மரம். அந்தப் பகுதியில் நீங்கள் படித்த மற்றதும், ஐந்தாம் பகுதி முழுவதும் இப்போதைக்கு உங்களுக்கு மட்டும்தான். என்றாவது அவரும் படிப்பார். அதற்குள் அக்காவே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்று மாலை கோப்பு திரும்பி வந்தது. பதினோரு ஒற்றுப்பிழைகள். ஓரத்தில் இரண்டு குறிப்புகள்.

முதலாவது, 'வழுக்கி'க்குப் பக்கத்தில்: "வினைமுற்று விடுபட்டிருக்கிறது. நானே போட்டுவிடட்டுமா, இல்லை ஜெபராணியிடம் கேட்கட்டுமா?"

இரண்டாவது, மரத்துக்குப் பக்கத்தில். பத்து வருடமாக என் கதைகளில் ஒற்றுப்பிழையைத் தவிர வேறு எதைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதாத மனிதர் எழுதியிருந்தார்: "தம்பி, இதை நானும் பார்க்க வேண்டும்."

பதில் எழுதும் பெட்டி திறந்தே இருக்கிறது. எந்தக் குறிப்புக்கு முதலில் பதில் சொல்வது, என்ன வினைமுற்றைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவோடு போனவன் நான், அண்ணனோடு பழகியவன் நான், இரண்டு பேரையும் கைவிட முடியாதவன் நான். நீங்கள் வெளியாள். உங்களால் முடியும்.

நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு அக்கா கிளம்புவார். அதற்கு முன்னால் சொல்லுங்கள்.