ஆரவாரம் குடியேறிய வீடு

கார்வெல் கல்லூரி முதன்முதலாகக் கோப்பையை வென்ற சனிக்கிழமை, ஆட்டம் முடிந்து மக்கள் வீடு போய்ச் சேர்ந்தபிறகும் அவர்கள் போட்ட ஆரவாரம் மட்டும் போகவில்லை. பயிற்சியாளர் வெர்லின் ஸ்ட்ரவுட் காரின் கதவைத் திறந்ததும் அது பின்னிருக்கையில் ஏறிக்கொண்டது. ஆள் யாருமில்லை, சத்தம் மட்டும்தான். அவர் பல் தேய்த்தபோது கத்தியது. செருப்பைக் கழற்றியபோது விசிலடித்தது. கான்சஸ் கோதுமை வயல்களுக்கு நடுவில் கிடக்கும் ஊருக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்? அவர் உள்ளே வந்தால் உணவகத்தில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை பலகாரம் இலவசம். தேவாலயத்தில் பாதிரியார், அவர் உட்கார்ந்து சத்தம் கொஞ்சம் அடங்கும்வரை பிரசங்கத்தை நிறுத்திவைத்தார். அவர் மனைவி நடீன் மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேறு அறையில் படுக்கத் தொடங்கினாள்.

ஊருக்குத் தெரியாத ஒன்று வெர்லினுக்குத் தெரியும். தலையிலும் தோளிலும் கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம் அது. அன்று கடைசிக் கட்டத்தில், முன்வரிசையில் மோதுகிற ஆரின் பிக்கெட் என்ற பையன் கோட்டோரம் தள்ளாடி வந்து, "கோச், நம்ம பக்கம் எது?" என்று கேட்டான். அப்படிக் கேட்டால் தலையில் பலமாக அடிபட்டிருக்கிறது என்று தெரியாதவர் அல்ல வெர்லின். ஆனால் பந்து எதிரணியின் கோட்டுக்கு அருகில் இருந்தது. பையனின் தோளைப் பிடித்துத் திருப்பி, "அந்தப் பக்கம்டா, ஓடு" என்று தள்ளிவிட்டார். ஆரின் மோதித் திறந்த வழியில்தான் வெற்றி உள்ளே போனது. அவன் எழுந்திருக்கவில்லை. பிற்பாடு விசாரித்தவர்களிடம் வெர்லின், "அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். சத்தம் அன்றைக்குத்தான் ஜன்னல் கண்ணாடி அதிரும்படி கத்தியது.

பனி உருகியபிறகுதான் ஆரினைப் பார்க்கப் போகும் துணிவு வந்தது, அதுவும் நடீன் தள்ளிவிட்டதால். ரயில் பாதைக்கு அப்பால் இருந்த சின்ன வீட்டில் அவன் தாய் லுவெல்லா கதவைத் திறந்தாள். நடீன் கொடுத்தனுப்பிய கோழி நூடுல்ஸை அவர் நீட்டுவதற்குள் ஆரவாரம் அவரை முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தது. நாற்காலியில் வாய் திறந்தபடி கிடந்த ஆரின் துள்ளி எழுந்தான். தலைக்கவசத்தைத் தேடி மேசைக்கடியில் தடவினான். பிறகு வெர்லினைப் பார்த்து, "கோச், நம்ம பக்கம் எது?" என்றான்.

லுவெல்லா மகனை உட்காரவைத்துவிட்டுத் திரும்பினாள். "அன்னிக்கும் இதத்தான் கேட்டானா?"

வெர்லின் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். "ஆமாம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓடுன்னு சொன்னேன்."

அவள் அழவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். "நீங்க கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அந்தச் சத்தம் இங்க கேக்குது, கோச். கேட்டா இவன் ஷூவத் தேடறான். தூங்க மாட்டேங்கறான், திங்க மாட்டேங்கறான். அதக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மறுநாள் வெர்லின் கல்லூரித் தலைவர் ஹோல்கமிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஹோல்கம் எழுந்து கதவைச் சாத்தினார். "இந்தச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் காதுல விழல, வெர்லின். திரும்பச் சொல்லவும் வேணாம்" என்றார். வெர்லின் திரும்பச் சொல்லவில்லை. வாசலில் நின்ற செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கலாம். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராகக் காருக்குப் போனார்.

ஓரிகன் கடற்கரையில், தோற்பதையே வழக்கமாக வைத்திருந்த ஒரு கல்லூரி அவரைக் கூப்பிட்டது. சம்பளம் மூன்று மடங்கு; வேண்டாமென்று அவர் சொல்லவில்லை, அந்த வெட்கமும் கூடச் சேர்ந்தது. ஊர் தன் காரணத்தைத் தானே எழுதிக்கொண்டது. "காசுக்குப் பல்ல இளிச்சுட்டான்யா" என்றார் முடிதிருத்துபவர். வெர்லின் வீட்டுப் புல்வெளியில் அழுகிய தக்காளி விழுந்தது; ஆப்பிள் பை கொடுத்த உணவகம் அவர் படத்தைக் கழிப்பறையில் மாட்டியது. நடீன், "உண்மையச் சொல்லிட்டுப் போயேன்" என்றாள். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். கார் ஊரெல்லையைத் தாண்டியதும் கார்வெலில் காற்று கேட்டது, நாய் குரைப்பது கேட்டது. ஆரின் அன்று பகலெல்லாம் தூங்கினான், எழுந்து இரண்டு முட்டை சாப்பிட்டான் என்று லுவெல்லா நடீனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். கோச்சைப் பற்றி அவள் கேட்கவில்லை.

புது ஊரில் வெர்லின் கண் சொருகிய எந்தப் பையனையும் திரும்பக் களத்துக்கு விடவில்லை. அதனால் ஜெயிக்க வேண்டிய ஆட்டங்கள் பலவற்றில் அணி தோற்றது. ஒவ்வொரு தோல்விக்கும் ஆரவாரம் அதே உற்சாகத்தோடு கத்தியது. பையன்கள் கைச்சாடையில் பேசிப் பழகினார்கள். தபால்காரர் உரக்கப் பேசக் கற்றுக்கொண்டார். சில வருடங்களில் அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகளுக்கு அது கடல் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஞாயிறு அவர் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு மீன்பிடிப் படகுக்காரர் வேலியில் சாய்ந்து, "போன வாரம் நீங்க இல்லாம எங்களுக்குத் தூக்கமே வரல, கோச். அப்படி என்னதான் சாதிச்சீங்க, இப்படிக் கொண்டாடுது?" என்று கேட்டார்.

வெர்லின் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு சொன்னார், முதலிலிருந்து, ஆரினின் பெயரோடு. படகுக்காரர் காதருகே கை குவித்து முழுதும் கேட்டார். கேட்டு முடித்ததும் வீட்டுக்குள் போனார். வெர்லின் மிச்சமிருந்த புல்லை வெட்டினார். சத்தம் கைதட்டிக்கொண்டிருந்தது.