பக்கத்துக் கட்டில்

சலவை ஆலையில் கொதிகலன் வெடித்தபோது அருகில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் ஆபரேட்டர், அவளுடைய கணவர். மற்றவன் ஷிப்ட் சூப்பர்வைசர். "அண்ணே, அண்ணே" என்று அவரையே சுற்றிவருபவன். வாய் ஓயாததால் ஆலையில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். இருவரையும் தீக்காய வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் போட்டார்கள்.

அழுத்தம் கூடினால் நீராவியைத் தானாக வெளியே விடும் வால்வைக் கம்பி போட்டுக் கட்டியவன் ரேடியோதான். வேலை நிற்கக் கூடாதாம். அது தெரிந்ததிலிருந்து அவள் அந்தக் கட்டில் பக்கம் முகம் திருப்பவில்லை. அவன் தண்ணீர் கேட்டு முனகினாலும் காதில் விழாததுபோல் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை கணவர் அவளைக் கிட்டே அழைத்தார்.

"அந்தக் கம்பிய நானும் பாத்தேன். இன்னைக்கு ஒரு நாள்தானேன்னு அவன்கிட்டயே சொன்னேன். பழிய அவன்மேல மட்டும் போட்டுடாத."

"பேசாதீங்க. முதல்ல உடம்பு தேறட்டும்."

தேறவில்லை. மறுநாள் மதியம் போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். "வால்வக் கட்டினது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். தெரிஞ்சா விட்டிருப்பாரா?"

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அன்று மாலை ஜெபிக்க முட்டி போட்டபோதுதான் எதுவுமே வரவில்லை. "அவர எடுத்துட்டீங்க. அவன மட்டும் எதுக்கு விட்டுவெச்சிருக்கீங்க, ஆண்டவரே?" இதைத் தவிர வேறு ஜெபம் இல்லை. சோறு இறங்கவில்லை. அவரோடு தன்னையும் புதைத்திருக்கலாம் என்று தோன்றியது.

ஒரு வாரம் கழித்து கணவரின் கண்ணாடியையும் செருப்பையும் வாங்கிவர வார்டுக்குப் போனாள். திரைக்கு அந்தப் பக்கம் அதே அதிகாரியின் குரல்.

"ஆபரேட்டர் பாக்கலைன்னா நம்ப முடியலையே. அவருக்கும் தெரியும்னா உங்கமேல உள்ள பழி பாதியாக் குறையும்."

ரேடியோ மூச்சு வாங்கியபடியே சொன்னான். "அண்ணனுக்குத் தெரியாது சார். நான் ஒருத்தன்தான்."

அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். "அவன் பொய் சொன்னது எங்க வீட்டுக்காரருக்காக. நான் பொய் சொன்னது அவன் அழிஞ்சு போகட்டும்னு. என்ன மன்னிங்க, ஆண்டவரே. அவன மன்னிக்க என்னால முடியல. நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

அதிகாரியை வராந்தாவில் நிறுத்தி உள்ளதைச் சொன்னாள்.

"அப்போ அவர் பேரும் அறிக்கையில வரும்மா."

"வரட்டும் சார். அவர் சொன்னதத்தான் சொல்றேன்."

திரும்பி வந்தபோது நர்ஸ் ரேடியோவின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். "இவருக்கு யாருமே வர்றதில்ல. தலையக் கொஞ்சம் பிடிப்பீங்களா?"

பிடித்தாள். வராந்தாவில் அவள் பேசியது அவன் காதில் விழுந்திருந்தது.

"ஏன் அண்ணி சொன்னீங்க? அண்ணன் பேரு என்ன ஆகும்?"

"இந்த நிலைமையிலயும் ரேடியோ ஓயல பாரு. பேசாம படு."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"வாயில வரலப்பா. இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்ல. ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். வந்தா சொல்றேன்."

ஆறு வாரம், தினமும் காலையில் வந்தாள். சில நாள் வெறுப்போடுதான் வந்தாள். வீட்டில் அழுது தீர்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். ஒரு நாள் தோளில் ஒட்டிய துணியை உப்புநீர் விட்டு எடுக்கும்போது அவன் அலறினான். "இதோ முடிஞ்சுது, முடிஞ்சுது. மன்னிச்சிட்டேன்டா, அழாத" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னதே அவளுக்குத் தெரிந்தது. அவன் அலறலை நிறுத்தி அவளையே பார்த்தான்.

உடம்பு தேறியதும் அவனுக்குச் சிறை கிடைத்தது. அவள் வார்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. துணைக்கு ஆளில்லாத நோயாளி வந்தால் நர்ஸ் அவளைத்தான் கூப்பிடுவார். வெறும் வீடு இன்னும் அவளைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது.