இடது கண்ணின் முறை

எலும்பு உடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான். அன்று காலை நானே திருப்பவில்லை. லா பாஸ் சந்தையில் பதினெட்டு வருடமாக பாட்சோய் கடை வைத்திருக்கிறேன். நூடுல்ஸின் மேல் ஈரலும் மஜ்ஜையும் போட்டு, கொதிக்கக் கொதிக்க எலும்புச் சாறு ஊற்றித் தருவோம். அந்தச் சாற்றுக்காக மாட்டுக் காலெலும்பை வெட்டுக்கத்தியால் தட்டியபோது ஒரு சில்லு பறந்து வலது கண்ணில் குத்தியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தியாங்கோ சில்லை எடுத்தார். சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. "கருவிழியில கீறல்தான். பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சு நாள் கட்டு இருக்கட்டும்" என்றார். கட்டுப் போட்டு முடித்ததும், "இப்ப இடது கண்ணால என்னைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். வெள்ளையாக ஓர் உருவம். அதற்கு மேலே பழுப்பாக ஒரு வட்டம். அந்த வட்டத்தில் கண், மூக்கு, வாய் எதுவுமே இல்லை.

"சுவர்ல பெரிசா ஒரு எழுத்து இருக்கே, தெரியுதா?"

"சுவர் தெரியுது டாக்டர்."

"கட்டு அவிழ்க்கும்போது இதைப் பத்திப் பேசணும்" என்று மட்டும் சொன்னார்.

என் இடது கண் பிறவியிலேயே மூக்குப் பக்கம் சற்று ஒதுங்கியது. சின்ன வயதில் 'லிபாட்' என்பார்கள். மாறுகண்ணன் என்று அர்த்தம். பெரியவனான பிறகு யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவிடவில்லை. போட்டோ எடுக்கும்போது அந்தக் கண் தெரியாதபடி தலையை ஒரு பக்கம் சாய்ப்பேன். சாறு ஊற்றும்போது கரண்டியின் விளிம்பைக் கிண்ணத்தின் விளிம்பில் தொட்டுக்கொண்டுதான் சாய்ப்பேன். தொடாமல் ஊற்றினால் கிண்ணம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. 'மனோங் வென்சிங் ஒரு சொட்டு சிந்தமாட்டார்' என்று, என்னை அண்ணன் முறை வைத்து, வாடிக்கையாளர்கள் மெச்சுவார்கள். இருக்கிற ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இந்த நாற்பத்தைந்து வயதுவரை வந்திருக்கிறேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்தச் சில்லு இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால்?

என் மனைவி மெர்லி கடையைப் பார்க்கவேண்டியிருந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள அக்கா சல்வசியோன் குயிமராஸ் தீவிலிருந்து படகேறி வந்தாள். ஏழு வயது மூத்தவள். நான் அவளை மனாங், அக்கா, என்பேன்; அவளுக்கு நான் தோதோ, தம்பி. வாசலில் நின்ற ஓர் ஊதா நிற மூட்டம் பேசியது.

"என்ன தோதோ, மாட்டுக்கே உன்மேல கோவம் வந்துடுச்சா?"

"மாடு செத்து ரெண்டு நாள் ஆச்சு மனாங்."

"செத்தும் விடலையே."

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல் தேவாலயச் சதுக்கம்வரை நடந்தோம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கையைக் கோத்துக்கொள்ளவில்லை, மணிக்கட்டைத்தான் பிடித்தாள். சாலையில் பயணிகளை ஏற்றிய ஜீப்னி வண்டிகள் சிவப்பும் மஞ்சளுமாகக் கரைந்து ஓடின. கொடியில் காய்ந்த துணிகள் வண்ணம் வண்ணமாகக் காற்றில் வழிந்தன. நான் நின்றுவிட்டேன்.

"என்ன, தலை சுத்துதா?"

"இல்ல மனாங். இதை நான் பாத்திருக்கேன்."

உண்மையாகவே பார்த்திருந்தேன். முப்பத்தொன்பது வருடமாக அந்தக் கண்ணால் மட்டும் நான் எதையும் பார்த்ததில்லை. கடைசியாக அது தனியாகப் பார்த்த உலகம் அப்படியே உள்ளே இருந்திருக்கிறது. எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதிமூன்று. இலவச மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் ஒருவர், நல்ல கண்ணைத் தினமும் ஆறு மணி நேரம் மூடிவைக்கச் சொன்னார். சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுத்தால்தான் அது விழிக்குமாம். எங்கள் நானாய், அம்மாதான், மாவு மூட்டைத் துணியை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, ஏழு கண்பட்டைகள் தைத்தாள். கிழமைக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைப் பட்டையில் மட்டும் ஓரத்தில் நீல நூலால் அலை போட்டிருப்பாள்.

பட்டையோடு பள்ளிக்கூடம் போவது அக்காவின் பொறுப்பு. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். "சகதி, தாண்டு. எருமை வருது, இந்தப் பக்கம் வா. பாதிரியார் வர்றாரு, சிரி." நான் எங்கேயோ பார்த்துச் சிரிப்பேன்.

மூன்றாவது வாரம் நான் சாக்கடையில் விழுந்தேன். பையன்கள் கரையில் நின்று 'லிபாட், லிபாட்' என்று ராகம் போட்டார்கள். அக்கா அவர்களில் ஒருவனை அறைந்துவிட்டு என்னைத் தூக்கினாள். நான் அழுத அழுகையை அவளால் தாங்க முடியவில்லை. சிற்றாலயத்து முக்கில் வைத்துப் பட்டையைக் கழற்றித் தன் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். "நானாய்கிட்ட சொல்லாத" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் அந்த முக்கில் பட்டை கழலும். மாலையில் அதே முக்கில் ஏறும். எட்டு மாதம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நடை. இரண்டு பேரும் ரகசியம் வைத்திருக்கிற சந்தோஷம், பார்க்கிற சந்தோஷம். ஆற்றில் நண்டுக் கூடை தூக்குகிறவர்களையும், ஐஸ் தொழிற்சாலை வாசலில் உருகி ஓடும் தண்ணீரையும் அவள் கை நீட்டிக் காட்டுவாள். மறு வருடம் அந்த டாக்டர் வந்து சோதித்து, முன்னேற்றமே இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். நானாய் வீட்டுக்கு வந்து ஏழு பட்டைகளையும் விரித்துவைத்துத் தையலைத் தடவித் தடவிப் பார்த்தாள். "வெளிச்சம் உள்ள போயிருக்குமோ" என்றாள். நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. அவள் சாகும்வரை திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் கட்டு அவிழ்ந்தது. டாக்டர் தியாங்கோ இரண்டு கண்ணையும் வெகுநேரம் சோதித்தார். அக்கா மூலையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இடது கண்ணோட உறுப்புல கோளாறு இல்ல. அது அனுப்புறதை மூளை வாங்காமப் பழகிடுச்சு. சின்ன வயசுல பட்டை போட்டாங்களா?"

"போட்டோம் டாக்டர். பலன் இல்ல" என்றேன். எத்தனையோ வருடமாகச் சொல்லிப் பழகிய பதில்.

"பொய் சொல்றான்" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ரெண்டு வாரம் போட்டான். அதுக்கப்புறம் நான்தான் கழட்டிவிட்டேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, எட்டு மாசம்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. ஏதோ எழுதினார். பிறகு சொன்னார்: "அப்படின்னா இந்தக் கண்ணை இதுவரைக்கும் யாரும் முயற்சி பண்ணிப் பாக்கவே இல்ல. இந்த வயசுல குழந்தைக்கு வர்ற மாதிரி வராது. வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனா சரியான கண்ணாடி, தினம் ரெண்டு மணி நேரம் பட்டை, கிட்ட வச்சுச் செய்யற வேலை. சில பேருக்கு எழுத்துப் பலகையில ரெண்டு மூணு வரி கூடப் படிக்க வருது. அந்தக் கண் ஒதுங்கி இருக்கிறதை நேராக்க அறுவை இருக்கு, அது பார்வைக்கு இல்ல, தோற்றத்துக்கு. வேணுமா?"

"மெர்லி இந்த மூஞ்சியைத்தான் கட்டிக்கிட்டா. அது இருக்கட்டும்" என்றேன். "ரெட்டையா ஏதாவது தெரிஞ்சா உடனே நிறுத்திட்டு என்கிட்ட வாங்க" என்றார் டாக்டர்.

இரண்டிலிருந்து நாலு மணிவரை சந்தையில் கூட்டம் குறைவு. அதுதான் இடது கண்ணின் முறை என்று முடிவாயிற்று. அக்கா தீவுக்குத் திரும்பிவிட்டாலும் இரண்டு மணி அடித்ததும் வீடியோவில் வந்துவிடுவாள். பச்சைப்பயறையும் கறுப்பு மொச்சையையும் கலந்து தட்டில் கொட்டி நான் பிரிக்கவேண்டும். பிறகு ஊசியில் நூல் கோக்கவேண்டும். முதல் வாரம் ஒரே ஒரு நூல் கோத்தேன், அதுவும் என் விரலில் குத்தியபிறகு. மெர்லி கல்லாவிலிருந்து, "சட்டைப் பொத்தான் எல்லாம் கொண்டுவந்து தரட்டுமா?" என்று கேட்பாள்.

நான்காவது வாரம் தலைவலி தாங்கவில்லை. தட்டைப் பார்த்தாலே குமட்டியது. ஒரு நாள் பட்டையை இடது கண்ணில் மாட்டிக்கொண்டு போனை எடுத்தேன். வீடியோவில் இடம் வலம் மாறித் தெரிவதால் அவளுக்குப் புரியாது என்று நம்பினேன். பயறு மளமளவென்று பிரிந்தது.

"இன்னிக்கு நல்ல வேகம்" என்றாள் அக்கா.

"பழகிடுச்சு மனாங்."

"கன்னத்துல மச்சம் எந்தப் பக்கம் தோதோ?"

என் மச்சம் வலது கன்னத்தில். பட்டை அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. போன் அணைந்தது. மறுநாள் இரண்டு மணிக்குக் கடை வாசலில் நேரிலேயே வந்து நின்றாள். ஒரு பை மாம்பழம். முகத்தில் கடல்காற்றும் கோபமும்.

"நீ ஏமாத்தினது என்னை இல்ல" என்று ஆரம்பித்தவள், உட்கார்ந்ததும் வேறு மாதிரிப் பேசினாள். "எனக்கு அப்ப பதிமூணு வயசு. நீ அழுதா என்னால முடியல. அதான் செஞ்சேன். கடையில நீ கரண்டியைக் கிண்ணத்துல தொட்டுத் தொட்டு ஊத்துறதை வந்தப்பெல்லாம் பாக்குறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு இங்க, நெஞ்சுல குத்தும்."

அவள் அதைக் கவனித்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

"மனாங், அந்த எட்டு மாசம் மாதிரி எனக்கு வாழ்க்கையில வந்ததில்ல. உன்கூட நடந்து எல்லாத்தையும் பாத்தேன்ல."

"ஒரு கண்ணால பாத்தே."

"ஒரு கண்ணாலதான். ஆனா பாத்தேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி. அதுக்காக இப்பவும் கழட்டிவிட மாட்டேன். பட்டையை மாத்தி மாட்டு." மாட்டினேன். அவள் ஒரு மாம்பழத்தை எடுத்து, காம்பைச் சுற்றியிருந்த பூனைமீசை போன்ற கோடுகளை எண்ணச் சொன்னாள். எண்ணி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. இடையில் தலைவலிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். அவசரம் இல்லை என்றாள். டாக்டரும் போனில் அதையேதான் சொன்னார். நேரத்தைக் குறைத்து, கண்ணாடியைச் சற்று மாற்றிக் கொடுத்தார்.

பத்து மாதம் ஆயிற்று. போன வெள்ளிக்கிழமை சோதனைக்கு அக்காவும் வந்தாள். வலது கண்ணை மூடிக்கொண்டு மூன்று வரி முழுதாகவும், நான்காவது வரியில் இரண்டு எழுத்தும் படித்தேன். ஐந்தாவது வரியில் என் கற்பனைக்கு வந்ததைச் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டார். "மூணு வரியே எனக்குப் போதும். வலது கண்ணுக்கு ஏதாவது ஆனாலும் இனி நீங்க தட்டுத்தடுமாறி வழி கண்டுபிடிச்சுடுவீங்க" என்றார்.

கிண்ணத்தைத் தொடாமல் என்னால் இன்னும் ஊற்ற முடியாது. ஒருவேளை ஒருநாளும் முடியாது. ஆனால் பட்டை போட்டிருக்கும்போது மெர்லியின் முகத்தில் மூக்கு இருக்கிறது, அவள் முறைப்பது தெரிகிறது.

திரும்பி வரும்போது ஜீப்னியில் பட்டையை மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தேன். எதிரே வருகிற வண்டிகள் கரையவில்லை. சிவப்பு, சிவப்போடு நின்றது; ஓரம் தெரிந்தது, சக்கரம் தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன்.

"சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான். ஆனா முன்னாடி அந்தக் கண்ணைத் திறந்தா நம்ம பழைய தெரு வரும். இப்ப கொஞ்சம் கொஞ்சமா அது போகுது."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சற்று யோசித்தாள். "தெரு எங்க போகப்போகுது. ஐஸ் தொழிற்சாலைக்கு அடுத்து தையல்காரர் வீடு."

"இல்ல மனாங், அடுத்து சைக்கிள் கடை."

"தையல்காரர் வீடு."

"சைக்கிள் கடை. வெளியில டயர் தொங்கும்."

"நீ அப்ப ஒத்தைக் கண்ணன். உனக்கென்ன தெரியும்?" என்றாள் அக்கா. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லா பாஸ் வரும்வரை சண்டை தீரவில்லை. இறங்கிய பிறகும் அவள் விடவில்லை. கடைக்குப் போய் மெர்லியைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். மெர்லி வேறு ஊர்க்காரி. இரண்டு கிண்ணம் பாட்சோயை எங்கள் முன் வைத்து, சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடச் சொன்னாள்.