ஆறாவது இறக்கை

தம்பி மனைவி அந்தப் படகு மோட்டாரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தபோது மெக்கானிக்கின் கையில் டீ இருந்தது. அதைக் குடித்தாரா, கீழே ஊற்றினாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அவளோடு ஒரு வழுக்கைத்தலைக்காரரும் வந்திருந்தார். படகு ஓட்டுகிறவர், வாய் ஓயாதவர், மோட்டாரை வாங்கப் போகிறவர்.

"நீங்க பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் எடுத்துப்பாராம், மாமா," என்றாள் அவள்.

"பின்னே? பழைய எஞ்சின் வாங்குறது, அடுத்தவன் பல்செட்ட வாங்கி மாட்டிக்கிற மாதிரி," என்றார் வழுக்கை. சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரித்தார்.

எட்டு மாதமாக இந்த மோட்டாரிடம் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்து வந்தவர் மெக்கானிக். முதுகுவலி என்றார், வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்றார். தம்பியின் படகு கழிமுகத்துக்கு வெளியே ஆளில்லாமல் மிதந்ததை, அவன் கிளம்பிப்போன மறுநாள் காலையில்தான் பார்த்தார்கள். டாங்கில் பாதி பெட்ரோல் இருந்தது. மோட்டாரின் மேல்மூடி கழற்றிக் கீழே வைக்கப்பட்டிருந்தது. தம்பி மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். அலை தட்டிவிட்டது, அவன் நேரம் அப்படி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மேல்மூடி ஏன் கழன்றிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் வாயையே திறக்கவில்லை.

சாவு வீட்டில் அவருக்கு அழுகை வரவில்லை. வாடகை நாற்காலிகளை இறக்கிப் போட்டார், எல்லோரும் போனபின் எண்ணித் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. வேளைக்குப் பசித்தது, படுத்தால் தூக்கம் வந்தது. அதுதான் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

எண்ணுவது அவர் பிறவிக்குணம். 'எண்ணிக்கை' என்றே அவருக்குப் பட்டப்பெயர். தண்ணீரில் இறங்கும் மோட்டாரின் காலுக்குள் இம்பெல்லர் என்று ரப்பரில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், ஆறு இறக்கைகளோடு. அது சுற்றித்தான் வெளித்தண்ணீரை இழுத்து எஞ்சினுக்குள் ஏற்றிச் சூட்டைத் தணிக்கிறது. கிழிந்த இம்பெல்லரைக் கழற்றினால், உடைந்த துண்டுகளை எல்லாம் தேடியெடுத்து மேசையில் சேர்த்துவைத்துப் பார்ப்பார். ஆறு இறக்கையும் முழுசாகக் கணக்கில் வந்தால்தான் புதியதை மாட்டுவார். தேடாமல் மாட்டுகிறவர்களை நாலு பேர் முன்னால் கிழிகிழியென்று கிழிப்பார்.

தம்பி பழுதுபார்க்கக் கொண்டுவந்த அன்று, அவன் மோட்டாரில் ஐந்துதான் கணக்கில் வந்தது. ஆறாவதைத் தேடும்போது தம்பி பின்னால் நின்று அவசரப்படுத்தினான். "விடுண்ணே, அது எப்பவோ தண்ணியோட வெளிய போயிருக்கும். புதுசப் போடு." போட்டார். எஞ்சினின் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் ஜோராகப் பீய்ச்சியது. அதைப் பார்த்துவிட்டு அவரும் சரி என்றார். முப்பது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். மூன்றாவது வாரம் தம்பி போய்விட்டான்.

இப்போது அவர் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரின் காலை இறக்கிக் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் கிளம்பிவிட்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி. பின்துளையில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. மெல்லிய கம்பியால் குத்தினார். உப்புக்கட்டி ஒன்று உதிர்ந்து, தண்ணீர் வளைந்து போய் டிரம்முக்கு வெளியே விழுந்தது.

"அமர்க்களம்! கட்டிக் குடுங்க, கிளம்பறேன்," என்றார் வழுக்கை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை போதும். அவளுக்கும் அது வீட்டை விட்டுத் தொலைந்தால் போதும். அவரும் கடைசிவரை தெரியாமலே இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் பின்துளைத் தண்ணீர் பம்பு ஓடுகிறது என்றுதான் சொல்லும், எஞ்சினின் தலைவரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று சொல்லாது. இந்த வாயாடியும் இதை நம்பித்தான் தண்ணீரில் போகப்போகிறார்.

"திறந்து பார்க்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும்," என்றார்.

வழுக்கை சாப்பிட்டுவிட்டு வண்டியோடு வருவதாகச் சொல்லிப் போனார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

காலைக் கழற்றினார். அவர் மாட்டிய இம்பெல்லர், ஆறு இறக்கையோடு புதுசாகவே இருந்தது. மேலே ஏறும் குழாயில் ஊதிப் பார்த்தார், காற்று தடங்கலில்லாமல் போனது. சூட்டுக்குத் திறந்துகொள்ளும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டார், அதுவும் ஒழுங்காகத் திறந்தது. கடைசியாகத் தலைமூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தார். உள்ளே தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளையாக உப்பு. மேல் சிலிண்டருக்குத் தண்ணீர் ஏறும் வாசலில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. குறட்டால் இழுத்தார்.

கட்டைவிரல் நகம் அளவுக்கு ரப்பர். மெதுவாக ஓட்டினால் ஓரமாகக் கிடக்கும். வேகம் கொடுத்தால் தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டுபோய் வாசலை அடைத்துவிடும். கழிமுகத்து அலையைத் தாண்ட யாராக இருந்தாலும் வேகம்தான் கொடுப்பார்கள்.

தலை சுற்றும், கை நடுங்கும் என்று எட்டு மாதமாக நினைத்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. ஆறு, என்று மனதுக்குள் எண்ணினார்.

"என்ன மாமா அது?"

"பழைய இம்பெல்லரோட துண்டு. அன்னைக்கே நான் தேடி எடுத்திருக்கணும். எடுக்கல. இதனாலதான் சூடாகி நின்னிருக்கு, மேல்மூடியக் கழட்டிப் பார்த்திருக்கான்." கடைக்காரரிடம் சாமான் பட்டியல் சொல்கிற குரலில்தான் வந்தது. "தப்பு என்னுதும்மா."

அவள் அதை எட்டிப் பார்த்தாள், தொடவில்லை.

"முந்தின நாளே ஒருவாட்டி நின்னுச்சாம்," என்றாள். "மாமாகிட்ட காட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். அண்ணன் கைவெச்சது, அதுல ஒண்ணும் இருக்காது, பெட்ரோல்லதான் கோளாறுன்னாரு. புது பெட்ரோல் ஊத்திக்கிட்டுப் போனாரு."

அவள் திட்டினால் தேவலை, எதையாவது எடுத்து அடித்தாலும் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் எழுந்து குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு, மறுபடி அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

வேலை பாக்கி இருந்தது. உப்பைச் சுரண்டினார், நல்ல தண்ணீர் விட்டு வழியெல்லாம் அலசினார், புது கேஸ்கட் வைத்துப் போல்ட்டுகளை முறைப்படி முறுக்கினார். மோட்டாரை டிரம்மில் இறக்கி, முழு வேகத்தில் கால்மணி நேரம் ஓடவிட்டுத் தலைமூடியில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கையை எடுக்க மறந்து அப்படியே நின்றார்.

வழுக்கை திரும்பி வந்தபோது மேசையெல்லாம் கரியும் உப்புமாக இருந்தது. அதைப் பார்த்து அவருக்கு வாயெல்லாம் பல்.

"இவ்வளவு கிண்டிக் கிளறிப் பார்த்திருக்கீங்களே! இனி எனக்கென்ன கவலை? நீங்க கைவெச்ச எஞ்சின், கண்ண மூடிக்கிட்டுப் போகலாம்."

"வேணாம்," என்றார் மெக்கானிக். "தண்ணியில இறக்குறதுக்கு முன்னால வேற ஒருத்தர்கிட்ட ஒருவாட்டி காட்டிருங்க."

வழுக்கை சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களாம்மா? தொழில் தெரிஞ்சவங்களுக்கு இவ்வளவு தன்னடக்கம் ஆகாது."

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"காட்டிட்டே போங்க," என்றாள்.