மண்டியிடாதே, நப்போசா

கம்பாலா நகரத்து வாண்டெகேயாவில் தலை பின்னும் கடை வைத்திருப்பவளுக்கு நேர்காணலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். என் நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து பின்னிக்கொள்ளும் பெண்களில் பாதிப் பேர் மறுநாள் நேர்காணலுக்குப் போகிறவர்கள். எழுந்து போவதற்குள் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிடுவார்கள். அதனால் சித்தப்பா மகள் நப்போசா கம்பாலாவுக்கு வந்து என் வீட்டில் இறங்கியதும், அவளைத் தயார் செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

டிசம்பருக்குள் வேலை கிடைக்காவிட்டால் சொந்த ஊரான மசாக்காவுக்குத் திரும்பி அண்ணியின் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டு உத்தரவு. அந்த அண்ணியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கோழிகளே அவளைக் கண்டால் ஒதுங்கித்தான் போகும்.

நவம்பரில் ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்கு ஆள் கேட்டார்கள். மூன்று சுற்று. முதலில் போன், அடுத்து நேரில், கடைசியில் கம்ப்யூட்டரில்.

போன் பேட்டி பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். இவள் எடுத்ததும் எங்கள் வழக்கப்படி இரவு எப்படிக் கழிந்தது, வீட்டில் எல்லோரும் எப்படி, பார்க்கிற வேலைக்கு நன்றி என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பக்கம் இருந்தவரும் எங்கள் பகாண்டா இனத்து ஆள்தான். கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? நலம் விசாரிப்பிலேயே நாலு நிமிடம் போய்விட்டது. மிச்ச நேரத்தில் என்ன கேட்டாரோ, தேறிவிட்டாள்.

அடுத்தது நேரில். எனக்குப் பயம் அவள் பதில்களைப் பற்றி அல்ல, முழங்கால்களைப் பற்றி. எங்கள் வீடுகளில் பெண் குழந்தை ஓடக் கற்பதற்குள் பெரியவர்களுக்கு மண்டியிட்டு வணக்கம் சொல்லக் கற்றுவிடும். மசாக்காவிலிருந்து வந்தவள் பால்காரருக்குக்கூட மண்டியிட்டாள். ஆபீஸில் நின்று கைகொடுக்க வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று திட்டித் திட்டிச் சொன்னேன். தலை காய வைத்துக்கொண்டிருந்த மூன்று வாடிக்கைக்காரிகளை வரிசையாக உட்கார வைத்து ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. நேர்காணலை முடித்துவிட்டு வியர்வையோடு வந்தாள்.

“முட்டி தானா மடங்கப் பாத்துச்சுக்கா. மேஜையைக் கெட்டியா புடிச்சுக்கிட்டேன்,” என்றாள்.

மூன்றாவது சுற்றன்று கடைக் கதவைச் சாத்தினேன். நப்போசாவுக்கு மேலே கோட்டு, கீழே வீட்டில் சுற்றும் துணி. இடுப்புக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள்? நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தேன். திரையில் நைரோபியிலிருந்து ஒரு மேனேஜர், பக்கத்துக் கட்டத்தில் தலை நரைத்த ஓர் அம்மா. ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர், டாக்டர் நக்கிபூலே. அவர் ஆங்கிலத்தை விட்டுவிட்டு எங்கள் லுகாண்டாவில் மெதுவாகக் கேட்டார்.

“ராத்திரி நல்லாத் தூங்குனியா மகளே?”

நப்போசா திரையிலிருந்து மறைந்துவிட்டாள். நாற்காலியும் சுவரும்தான் இருந்தன. தரையிலிருந்து பதில் வணக்கம் மட்டும் பவ்வியமாக வந்துகொண்டிருந்தது. லைன் போய்விட்டதா என்று மேனேஜர் விசாரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவள் காலரைப் பிடித்துத் தூக்கக் கை நீட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, நானும் முழங்காலில் இருந்தேன்.

டாக்டரம்மா சிரித்து அடங்கவே நேரமாயிற்று. நப்போசா எழுந்தபோது கோட்டுக்குக் கீழே வாழைப்பூ போட்ட துணியையும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். முடிந்தது, கோழிப்பண்ணைதான் என்று நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். “பெரிய மனுஷன் ஒருத்தர் வர்றார். வரிசையில நிக்க மாட்டேன், முதல்ல விடுங்கறார். அவருக்கும் இப்படித்தான் மண்டி போடுவியா?”

“போடுவேம்மா,” என்றாள் நப்போசா. “மண்டி போட்டு வணக்கம் சொல்வேன். அப்படியே இருந்துக்கிட்டு, வரிசையில கடைசியா போய் உக்காருங்கய்யான்னு சொல்வேன்.”

திங்கட்கிழமையே வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள்.

ஜனவரியில் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. கன்னம் வீங்க அவள் ஆஸ்பத்திரிக்கே போனேன். கூட்டத்தைப் பார்த்தேன், மேஜையில் இருந்த என் தங்கையைப் பார்த்தேன், நிம்மதியாக நேரே நடந்தேன். என்னைக் கண்டதும் எழுந்து வெளியே வந்து, அத்தனை பேர் முன்னால் மண்டியிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஒன்று விடாமல் விசாரித்தாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

“நீங்க பதினாலாவது ஆளுக்கா,” என்று தரையிலிருந்தபடியே பெஞ்சைக் காட்டினாள்.