பாலிஷ் பூங்காவில் பனி

அடையாறில் ஒரு பூங்காவில், எட்டடிக்கு எட்டடி மண்ணில் மட்டும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி கொட்டுகிறது. பக்கத்து நடைபாதையில் அதே நேரம் ஆட்கள் வியர்த்து வழிந்தபடி நடக்கிறார்கள். பாரீஸில் வாழ்ந்து மறைந்த இசைமேதை ஷோபன் பிறப்பால் போலந்துக்காரர் என்பதைக் கொண்டாடக் குடியிருப்போர் சங்கம் அமைத்த பூங்கா அது. அதற்காக வார்சா நகரத் தெருவோரம் ஒன்றிலிருந்து மூட்டையில் மண் வந்தது. வந்த மண் ஊரை மறக்கவில்லை. அங்கே பனி பெய்தால் இங்கேயும் பெய்தது. அங்கே யார் மிதித்தாலும் இங்கே தடம் விழுந்தது. முதல் வருடம் கூட்டம் அலைமோதியது. பிறகு மின்வெட்டைப் போல அதுவும் பழகிவிட்டது.

பெயர்ப்பலகை எழுதியவர், 'போலிஷ்' என்பது எழுத்துப்பிழை என்று தானாகவே 'பாலிஷ் பூங்கா' ஆக்கிவிட்டார். அதைப் பார்த்துத்தான், ஈக்காட்டுத்தாங்கலில் மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் மெஹபூப் பாஷா, பெஞ்சு வேலை இருக்கும் என்று டப்பாவும் பிரஷுமாக வந்து நின்றார்.

“அந்தப் பாலிஷ் இல்ல பாய்,” என்றார் தோட்டக்காரர் அறிவு. “போலந்துன்னு ஒரு நாடு கீது. அங்க வார்சான்ற ஊரு மண்ணு இது. அங்க யார் மிதிச்சாலும் இங்க தடம் வுழும்.”

பாஷா டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பனியோரம் குனிந்தார். வார்சாவுக்குப் படிக்கப் போன மகள் மஹ்விஷ், அவரைக் கேட்காமல் அங்கேயே நிக்காஹ் செய்துகொண்டபோது, “இனிமே போன் பண்ணாத” என்று கத்தியவர் அவர். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். மூன்று வருடமாகப் பண்ணவில்லை. அந்த வார்த்தையை மட்டும் அவள் மீறியிருக்கக் கூடாதா என்று ஏங்காத நாளில்லை.

வெள்ளிதோறும் தொழுகை முடிந்து பனியோரம் வந்து உட்கார்ந்தார். யார் யாரோ மிதித்துப் போனார்கள். ஆறாவது வாரம், இடது பாதம் உள்பக்கம் திரும்பிய ஒரு ஜோடித் தடம் விழுந்தது. மாடிப்படியில் உருண்டு எலும்பு முறிந்த அந்தக் காலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்குத் தெரியாதா? கூடவே குட்டி ஷூக்களின் தடமும் ஓடியது. பேரனா பேத்தியா என்றுகூடத் தெரியாமல் பாஷா வாய்விட்டு அழுதார்.

அடுத்த வெள்ளி செருப்பைக் கழற்றிவிட்டுப் பனிக்குள் இறங்கினார். சுண்டுவிரல் இல்லாத அவருடைய வலது பாதம் ஆழமாகப் பதிந்தது. கொஞ்ச நேரத்தில் மகளின் தடம் எதிரே வந்து நின்றது. நகரவில்லை. சட்டைப்பையில் போன் அடித்தது.

“அப்பா, பனில வெறுங்காலோட இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? ஜுரம் வரப்போவுது!”

“இப்பதாம்மா வந்தேன்,” என்றார் பாஷா. “கொழந்த பேரு இன்னா?”

“ஜுவேரியா.”

மறுநாள் பாண்டி பஜாரில் கம்பளி சாக்ஸ் கேட்டு அலைந்தார். மூன்றாவது கடையில் கிடைத்தது. இப்போதெல்லாம் வெள்ளிதோறும் தாத்தாவும் பேத்தியும் அந்த எட்டடிக்குள் அரைமணி நேரம் நடக்கிறார்கள். குட்டித் தடம் காலருகே வந்தால், பாஷா நகர்ந்து வழிவிடுகிறார்.